பேரப்பிள்ளை கையில் ஒரு நோட்டுப் புத்தகம்

(நம் பங்கின் நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

'நம் ஊரின் சரித்திரம்' என்ற தலைப்பில் பேசும்படி விழாக்குழுவினர் என்னைப் பணித்தார்கள். அந்தச் சரித்திரத்தை யார் எழுதுவது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பேராசிரியர் எழுதட்டும் என்று நாம் சொல்வோம். பேராசிரியருக்கு நம் ஊர் இருக்குமிடமே தெரியாது. சாமியார் எழுதட்டும் என்போம். சாமியாருக்குப் பூசை, அவஸ்தை, மந்திரிப்பு, சபைக் கூட்டம் என்று ஓயாத வேலை. ஐந்தாறு ஆண்டில் மாறுதலும் வந்துவிடும். எனவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிள்ளைகளே எழுதட்டும் என்பதுதான் என் விண்ணப்பம். இந்தப் பங்கில் ஒரு வரலாற்றுக் கழகம் அமைய வேண்டும். அதில் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லாமல் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும்.

பிள்ளைகளால் இது ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகும் என்பதற்கு ஒரு நாடே சாட்சியாக இருக்கிறது. அயர்லாந்து நாடு நமக்குப் புதிதல்ல. 1842ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கிய பிரசன்டேஷன் கன்னியர் அந்நாட்டிலிருந்து வந்தவர்களே. அந்த அயர்லாந்தில் 1935இல் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிப்பதற்கென அரசு ஓர் ஆணையத்தை நிறுவியது. அதன் இயக்குநர் ஜேம்ஸ் டெலார்ஜி. ஆணையத்திடம் இருந்த சேகரிப்பாளர்கள் மிகச் சிலர்; நாட்டிலோ ஆயிரக்கணக்கான கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் பழங்கதைகளை நெஞ்சில் சுமந்த முதியவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன செய்வது?

கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் ஆணையத்தோடு கைகோத்தன. 1937ஆம் ஆண்டு ஒரு சிறு கையேடு அச்சாகி ஆரம்பப் பள்ளிகளுக்குப் போயிற்று. அதைத் தயாரித்தவர் ஆணையத்தின் ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூலவான். எதை எதைக் கேட்க வேண்டும் என்று அதில் தலைப்புவாரியாகக் கேள்விகள் இருந்தன. ஊரில் உள்ள புனிதக் கிணறுகள் எவை? பஞ்ச காலத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? கொல்லன் பட்டறை எங்கே இருந்தது? மழை வருமென்று எப்படி அறிவார்கள்? பிள்ளைகள் என்ன விளையாட்டு விளையாடுவார்கள்? எந்த நோய்க்கு என்ன வைத்தியம்?

பதினொன்று முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் இந்தக் கேள்விகளோடு வீட்டுக்குப் போனார்கள். தாய் தந்தையரை, பாட்டன் பாட்டியரை, பக்கத்து வீட்டு முதியவர்களைக் கேட்டார்கள். மறுநாள் கட்டுரை வகுப்பில் அதையே கட்டுரையாக எழுதினார்கள். எழுதிய பிள்ளையின் பெயர், சொன்ன பெரியவரின் பெயர், அவர் வயது, ஊர் ஆகியவற்றையும் குறித்தார்கள். சிறந்தவற்றை ஒரு பெரிய ஏட்டில் படியெடுத்து ஆணையத்துக்கு அனுப்பினார்கள். 1937 முதல் 1939 வரை இவ்வாறு நடந்தது. ஏறத்தாழ 5,000 பள்ளிகள் பங்குகொண்டன. திரண்டவை பிள்ளைகளின் நோட்டுகளும் பெரிய ஏடுகளுமாகச் சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் பக்கங்கள்!

அந்தப் பக்கங்கள் டப்ளின் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் காக்கப்படுகின்றன. உலகில் எவரும் கணினியில் படிக்கும்படி அவற்றைப் படமெடுத்தும் வைத்திருக்கிறார்கள். அந்த ஆணையத்தின் சேகரிப்பு முழுவதையும் 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டே எழுதிய பக்கத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

அன்பர்களே, இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கியது 1845இல். சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். 1937இல் எண்பது, எண்பத்தைந்து வயதிலிருந்த முதியவர்கள் அந்தப் பஞ்சத்துக்குப் பின் பிறந்தவர்கள். தங்கள் தாய்மார் சொல்லக் கேட்டவர்கள். அவர்கள் சொன்னதைப் பேரப்பிள்ளைகள் எழுதினார்கள். எந்த வயலில் பிணங்களைப் புதைத்தார்கள், எந்த வீடு காலியாயிற்று, யார் கஞ்சி ஊற்றினார் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வாருங்கள். தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது 1876 முதல் 1878 வரை. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அயர்லாந்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பிய அதே 1937இல், தாது வருடத்தில் பத்து வயதாயிருந்தவருக்கு எழுபது வயதுதான் ஆகியிருக்கும். கண்ணால் கண்டவர்கள் நம் திண்ணைகளில் உயிரோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று நம் பிள்ளைகளை நோட்டோடு அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. அரசாங்கத்தின் அறிக்கைகள் இருக்கின்றன. குருக்கள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. கூழுக்கு வரிசையில் நின்ற தாய் தன் வாயால் சொன்னது எங்கோ ஒரு பழமொழியிலும் ஒரு தாலாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதெல்லாம் போயிற்று. இனி எத்தனை கோடி செலவழித்தாலும் அதை வாங்க முடியாது.

அது போகட்டும். இன்று எதை இழந்துகொண்டிருக்கிறோம்? 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது அங்கிருந்து காட்டுவழியே நடந்து வந்த தமிழர் பலர். அப்போது எட்டு வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அன்று பத்து வயதாயிருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி வந்தபோது கைக்குழந்தையாயிருந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள்; தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார் என்று எத்தனை பேர் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்? லத்தீன் பூசைக்குப் பதில் சொன்ன பீடச்சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் முதன்முதலாகப் பூசையைத் தமிழில் கேட்ட நாளில் தங்கள் தாயார் அழுதாரா, சிரித்தாரா என்று அவர்களால் சொல்ல முடியும். நாம்தான் கேட்பதில்லை.

பிள்ளைகளின் கண்ணைக் குறைவாக எண்ணாதீர்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில், மண்ணில் கிடந்த வண்ணக் கல்மணிகளை ஊர்ப்பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்தார்கள். 1937இல் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் அவர்களிடமிருந்து அவற்றை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அங்கே கிடைத்த ஒரு கல்லில் மனிதத் தலை ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. அது உரோமைப் பேரரசன் அகுஸ்துவின் உருவம் என்று அவர் கண்டார். கிறிஸ்மஸ் இரவில் குடிக்கணக்கு எடுக்கக் கட்டளையிட்டவனாக நாம் சுவிசேஷத்தில் கேட்கிறோமே, அதே அகுஸ்து! பின்னர் 1945இல் சர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, இத்தாலி நாட்டு மட்பாண்டங்களைக் கண்டு, உரோமையரோடு தமிழகம் செய்த வாணிபத்தின் காலத்தை உறுதி செய்தார். அறிஞர்கள் வருவதற்கு முன்பே அந்த மேட்டை அறிந்திருந்தவர்கள் ஊர்ப்பிள்ளைகளே.

ஆனால் அதிலே நமக்கு ஒரு பாடமும் உண்டு. பிள்ளைகள் பொறுக்கிய மணி ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று எழுதி வைக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இடம் தெரியாத பொருள் பாதி ஊமை. சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரோ ஒரு கழகமோ பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. கீழடியில் பள்ளி ஆசிரியர் ஒருவர் 1970களிலேயே அங்குக் கிடைத்த பழம்பொருள்களின் அருமையை உணர்ந்து காத்து வந்தார். அகழாய்வு தொடங்கியது 2015இல். அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2023இல். உள்ளூரில் ஒருவர் விழித்திருந்தால் போதும், நாற்பது ஆண்டு கழித்தாவது பலன் வரும்.

இவ்விதமான கழகங்கள் மற்ற நாடுகளில் என்ன செய்கின்றன? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சரித்திரக் கழகம் 1791இலேயே தோன்றிவிட்டது. தொடக்கத்தில் இவையெல்லாம் படித்த கனவான்கள் கூடிப் பழங்கடிதங்களைச் சேர்க்கும் சபைகள். இன்றோ சிற்றூர்க் கழகங்கள்கூடப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு வாரம் பிள்ளைகளைக் கூட்டிப் பழைய முறையில் வெண்ணெய் கடையவும், மெழுகுதிரி வார்க்கவும், சிலேட்டில் எழுதவும் வைக்கிறார்கள். பழம்பொருள்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பள்ளி பள்ளியாக அனுப்புகிறார்கள். பழைய கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1974இல் கிளீவ்லாந்து நகரில் மாணவர்களுக்கென ஒரு சரித்திரப் போட்டியைத் தொடங்கினார்கள். கட்டுரை, கண்காட்சி, நாடகம் என்று எந்த வடிவிலும் தங்கள் ஆராய்ச்சியைப் பிள்ளைகள் கொண்டு வரலாம். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அதில் கலந்துகொள்கிறார்கள். பிரிட்டனில் 1972இல் தோன்றிய இளம் தொல்லியலாளர் மன்றம் எட்டு வயது முதல் பதினாறு வயதுவரையுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்கிறது.

நம் தமிழகமும் பின்தங்கி நிற்கவில்லை. திருவண்ணாமலையிலும் கிருஷ்ணகிரியிலும் திருப்பூரிலும் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் ஊர் ஊராய்ச் சென்று நடுகற்களையும் கல்வெட்டுகளையும் கண்டறிந்து வெளியிடுகின்றன. பல அரசுப் பள்ளிகளில் தொன்மை மன்றங்கள் அமைத்துக் கல்வெட்டு வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பங்குகளாகிய நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

உண்மையில் பங்கு என்பது சரித்திரம் எழுதவே அமைந்த இடம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கும்படி பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. அரசனுக்குச் சரித்திரம் எழுத ஆள் உண்டு. வண்ணானுக்கும் வலைஞனுக்கும் கூலிக்காரிக்கும் யார் உண்டு? அவர்கள் பெயரை மையால் எழுதி வைத்தது நம் பதிவேடு. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்கு வலதுகரமாக இருந்தவர்கள் யார்? பிள்ளைகள்தாம். மணியடித்துக் கூட்டி அவர்களுக்கு மந்திரங்களைத் தமிழில் கற்பித்தார். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று பிள்ளை சொல்லப் பெரியவர் கேட்டார். இன்று பெரியவர் சொல்லப் பிள்ளை எழுதட்டும். கால் நடக்கும் தெரு அதேதான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். பொதுவாய்ப் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக நான் வரவில்லை. நான்கு வேலைகளைச் சொல்கிறேன்; நான்கும் செலவில்லாதவை.

முதலாவது, முதியவர் வாய்மொழி. மாதத்தில் ஒரு ஞாயிறு, மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் இருவர் இருவராகப் போகட்டும். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் சொன்னவர் பெயர், வயது, தெரு, தேதி. பாட்டி 'ரொட்டிச் சாமியார்' என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும். 'அருட்தந்தை' என்று திருத்தக் கூடாது. கைப்பேசியில் குரலைப் பதியலாம்; அதற்கு முன் பெரியவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். எழுதியதை அடுத்த மாதம் அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, கல்லறைகள். கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்; ஆண்டுக்காண்டு எழுத்து மறைகிறது. எழுத்து இருக்கும் கல்லுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். கம்பித் தூரிகையும் அமிலமும் ஆகவே ஆகாது. தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். இல்லையேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளியைத் திருப்புங்கள். நண்பகலில் தெரியாத எழுத்து அப்போது எழுந்து நிற்கும். வரிக்கு வரி படியெடுத்து, கல்லறை இருக்கும் இடத்தை ஒரு படத்தில் குறியுங்கள்.

மூன்றாவது, வீட்டுப் பெட்டிகள். பழைய திருமணப் படம், ரங்கூனிலிருந்து வந்த கடிதம், உபதேசியார் கைப்பட எழுதிய வாசாப்பு நாடக ஏடு, ஓலைச்சுவடி எதுவாயினும் பறித்துக்கொண்டு வர வேண்டாம். வீட்டிலேயே படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவர் உயிரோடிருக்கும்போதே பின்புறத்தில் மெல்ல, பென்சிலால் எழுதுங்கள். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி எழுத்தில் இந்த மண்ணில் அச்சேறிய முதல் நூல் என்று போற்றப்படுகிறது. பதினாறே பக்கம். அதைப் பார்க்க வேண்டுமானால் இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் அது கிழிந்த நாள் எது என்றுகூட நமக்குத் தெரியாது.

நான்காவது, ஊரிலுள்ள பொருள்கள். கோயில் மணியின் விளிம்பில் எழுத்து இருக்கிறதா? எந்த ஊரில் வார்த்தார்கள்? தேர் செய்த ஆசாரியார் யார்? மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் தோண்டாதீர்கள். இடத்தைக் குறித்துப் பெரியவரிடம் சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பங்குப் பதிவேட்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் கேட்கவில்லை. அதில் உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கமும் உண்டு. அது பங்குத் தந்தையின் பொறுப்பு. கரையான் படாத அலமாரி ஒன்றை இந்த விழாவின் நினைவாக யாராவது வாங்கித் தந்தால் புண்ணியம்.

கடைசியாக, சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சரித்திரம் என்றதும் நமக்குப் பெருமை மட்டுமே நினைவுக்கு வருகிறது. யார் கோபுரம் கட்டினார், யார் கொடி மரம் கொடுத்தார் என்று பட்டியல் போடுகிறோம். பிள்ளைகள் நோட்டோடு தெருவுக்குள் போனால் வேறு செய்திகளும் வரும். வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து அமரும்படி இரு கிளைகளோடு கட்டப்பட்டது. இடையிலிருந்த தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அதற்காக நீதிமன்றம்வரை வழக்கு நடந்தது. இது நூல்களில் உள்ள செய்தி. கல்லறைத் தோட்டத்திலும் தேர் போகும் பாதையிலும் பிரிவினை இருந்த பங்குகள், இன்னும் இருக்கும் பங்குகள், எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

'அதையெல்லாம் பிள்ளைகளிடம் ஏன் சொல்ல வேண்டும்' என்று சில பெரியவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான், பழைய புண்ணைக் கிளறினால் சண்டை வருமே என்ற பயம். ஆனால் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குத் தெரியாமலா போகும்? தன் தெருவில் ஒரு மாதிரியும் அடுத்த தெருவில் வேறு மாதிரியுமாக, கோபத்தோடு கலந்து அதே செய்தி காதில் விழும். ஆகவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: பிள்ளைகள் தங்கள் தெருவுக்குப் போகக் கூடாது. மேலத்தெருப் பிள்ளை கீழத்தெருப் பாட்டியின் காலடியில் உட்கார்ந்து எழுதட்டும். கீழத்தெருப் பிள்ளை மேலத்தெருத் திண்ணையில் ஏறி அமர்ந்து எழுதட்டும். அந்தத் திண்ணையில் ஒரு காலத்தில் அதன் பாட்டன் ஏற முடியாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெரியவரே அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துத் தன் வாயால் பழைய கதையைச் சொல்லட்டும். ஏட்டில் இரண்டு பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அப்படி ஒரு நோட்டு இந்தப் பங்கில் நிறைந்தால், அதுவே நாம் எடுத்த நூற்றாண்டு விழா என்று நான் சொல்வேன்.

விழா மலர் ஒன்றை அழகாக அச்சிட்டிருக்கிறீர்கள். அடுத்த இருபத்தைந்தாம் ஆண்டில் இன்னொரு மலர் வரும். அதை எழுதப் போகிறவர்கள் இதோ தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது அவர்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்? இன்று நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களில் பலர் அன்று இருக்கப் போவதில்லை. நான் நிச்சயமாக இல்லை.

வருகிற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், பள்ளித் திண்ணையில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். நூறு பக்க நோட்டுகள் இருபது வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகளே, பென்சிலை நீங்கள் கொண்டு வாருங்கள். பெரியோர்களே, அவர்கள் கதவைத் தட்டும்போது 'அப்புறம் வா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.